பதினைந்து நிற வில்லைகள்

4 மார்ச் 2025, டார்னெய்ட்

காலையில், வரைந்துகொண்டிருக்கும் மயிலின் கழுத்துக்கு நீலம் பிதுக்கினேன். தட்டில் விழுந்தது பச்சையா? வர்ண ரியூப்பில் பெயரை வாசித்துத்தான் நீலமென்று தெரிந்தது.

பயமாக இருக்கிறது. மூட்டுவாதத்துக்குக் குளிசை விழுங்கத் தொடங்கிய அன்றே டொக்டர் சொன்னார்: "இது கண்ணைத் தாக்கலாம். நிறம் மாறித் தெரிஞ்சா உடன சொல்லுங்கோ, நிப்பாட்டவேணும்." எட்டு வருசமாகிறது. குளிசைக்கு முன் விரல் மடங்காது; என் சட்டைப் பொத்தானைக்கூட இவர்தான் பூட்டிவிடுவார்.

5 மார்ச்

எலுமிச்சை மஞ்சள் வெள்ளையாகத் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

11 மார்ச்

இவர் தன் ஆய்வுகூடத்திலிருந்து அந்தப் பழைய பெட்டியைக் கொண்டுவந்தார். பதினைந்து நிற வில்லைகளை வரிசையாக அடுக்கவேண்டும். ஓவியர்களின் கண்ணை ஆராய்கிறாராம். வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறேனே! முந்தி எத்தனையோ தரம் அடுக்கிய பெட்டி. எதில் கீறல், எதில் தேத்தண்ணிக் கறை என்று மனப்பாடம். நிறத்தை விட்டுவிட்டுக் கீறலைப் பார்த்து அடுக்கினேன்.

"ஒரு பிழையும் இல்லை, யோகா!" குசினி அடுப்படியில் நின்று துள்ளினார். நான் பெட்டியை மூடிக் கொடுத்தேன்.

20 மார்ச்

நான் அடுக்கிய சோதனையின் முடிவைச் சிட்னிக் கருத்தரங்கில் காட்டப்போகிறாராம். இவருக்கு நிறமென்றால் அலைநீளம், ஓர் எண். எனக்கோ, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இருபது வருசச் சண்டை. இப்ப அவரின்ர எண்ணையும் கெடுத்துப்போட்டன். பிடிபட்டால்? பிடிபடாவிட்டால்? கையா, கண்ணா — நான் எதை விட?

29 மார்ச்

மயில் படம் வரைந்து தரக் கேட்டிருந்த கமலினி, அதை எடுத்துப்போக வந்தாள். "அக்கா, மயிலின்ர கழுத்து முழுக்கப் பச்சையா இருக்கு. இது புது ஸ்ரைலோ?"

ரியூப்பில் பெயர் இருந்தது. நான் கலந்த நிறத்தில் பெயர் இல்லை. படத்தை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவள் போனதும் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கீறல் உட்பட. கருத்தரங்குத் தாள்களை ஒதுக்கி வைத்தார்.

"இவ்வளவு நாளும் தனியவே பயந்தனீரோ?" என்றார்.

8 ஏப்ரல்

குளிசை நிறுத்தம். போன நிறம் திரும்பாதாம். மிச்சம் தப்பலாம். தப்பலாம் மட்டும்தான். புது மருந்து கைக்கு ஒத்துவருமோ தெரியாது.

17 ஜூன்

விரல்கள் மடங்கவில்லை. தூரிகைக் காம்பில் இவர் பஞ்சு சுற்றித் தந்திருக்கிறார். ரியூப் பிதுக்குவதும் இவர்தான். கலந்துவிட்டுக் கேட்டேன்: "இது என்ன நிறம்?"

"நானூற்றி எண்பது நனோமீற்றர் வரும்."

"அதை வைச்சு நான் என்ன செய்யிறது?"

தட்டை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்க் கனநேரம் பார்த்தார்.

"நீர் முதன்முதலா எயார்போட்டில வந்து இறங்கேக்க கட்டியிருந்த சீலை."

அந்தச் சீலையின் நீலம் எனக்குத் தெரியும். மயிலின் கழுத்தில் பூசினேன்.