எங்கே வெட்டுவது என்று தெரியாத சொல்

புதன், 12 நவ.
மழையும் பனியும் கலந்து. பஸ் இருபது நிமிடம் தாமதம். புவாண்ட்-கிளேரில் வேலை முடிந்து நேரே பியர்பொன்ட்ஸ், சிநேகிதி றீற்றா வீடு. அவள் கணவர் அன்ரன் இன்னும் சோபாவில்தான். வேர்ஹவுஸில் பெட்டி தூக்கி முதுகு போய் இரண்டு மாதம்.

பக்கத்து வீட்டு டச்சு அம்மா ஒரு துண்டு எழுதிக் கொடுத்தாராம். ஸ்ட்ரோக் வந்தபின் அவருக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் போய்விட்டன. தாய்மொழி மட்டும் மிச்சம்.

"அக்கா, நீங்கள் ஒல்லாந்திலை எட்டு வருசம் இருந்தனீங்கள்தானே. வாசிச்சுச் சொல்லுங்கோ."

மூன்று வருடம். அதுவும் ஹோட்டல் லோண்ட்ரியில். எட்டு என்று எப்போது சொன்னேனோ. இன்றும் திருத்தவில்லை.

துண்டில்: Massagebed. Anton. Zaterdag.
அன்ரன், சனிக்கிழமை, சரி. முதல் சொல்? டச்சுக்காரர் இரண்டு சொல்லை இடைவெளி விடாமல் ஒட்டிவிடுவார்கள், எங்கே வெட்டுவது என்பது நம் பாடு. Massa, கூட்டம். Gebed, செபம்.

"சனிக்கிழமை அன்ரனுக்காகக் கூட்டுச் செபம் வைக்கப் போறா" என்றேன். றீற்றா அழுதுவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளி, 14 நவ.
வாங்க வேண்டியது: மெழுகுதிரி 2 பெட்டி, பேப்பர் கப், சீனி.
றீற்றா பங்குக் கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். ஃபாதரும் வருகிறார். வருகிறவர்களுக்குப் பற்றிஸ் எழுபது பொரிக்கிறாளாம். அகராதியில் பார்க்கலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். பார்க்கவில்லை. பயம்.

சனி, 15 நவ.
பின்னேரம் நாலு மணி. டச்சு அம்மா வாசலில் இருபத்தைந்து பேர், செபமாலையோடு. கதவைத் திறந்த மகள் முழித்தார். உள்ளே எல்லாம் கட்டி வைத்திருந்தது. அம்மா முதியோர் இல்லத்துக்குப் போகிறார். எங்கள் ஆட்கள் பாடத் தொடங்க, அம்மா என் கையைப் பிடித்து, "பெட்! பெட்!" என்று வெறும் கராஜைக் காட்டினார்.

மகள் ஆங்கிலத்தில் என் காதுக்குள் சொன்னது: படுத்தால் தானே முதுகைப் பிடித்துவிடும் கட்டில். அன்ரனுக்கென்று அம்மா வைத்திருந்தார். மத்தியானம் வரை பார்த்தோம், யாரும் வரவில்லை, பழஞ்சாமான் லொறியில் ஏற்றிவிட்டோம்.

மஸாஜ். பெட். இரண்டு எழுத்துத் தள்ளி வெட்டியிருந்தால் கட்டில்.

"என்ன சொல்லுறா?" என்றார் ஃபாதர்.
"நன்றி சொல்லுறா, ஃபாதர்."

அதற்குப் பிறகு பற்றிஸும் சாப்பிட்டேன். இரண்டு. என்ன மனுசி நான்.

ஞாயிறு, 16 நவ.
பூசைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று மெசேஜ் போட்டேன். காய்ச்சல் இல்லை, வெட்கம்.

பதினொரு மணிக்கு றீற்றா போன். "அக்கா, டச்சு அம்மாவுக்கு நன்றி சொல்லி ஒரு கார்ட். நீங்கள்தான் டச்சிலை எழுதித் தரவேணும்."

போனேன். பேனையை எடுத்தேன், வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல், கட்டில், லொறி, மூன்று வருடம்.

றீற்றா மேசையிலிருந்த பேனையை எடுத்து மூடினாள். கார்ட்டைத் திரும்ப உறைக்குள் போட்டாள்.

சோபாவிலிருந்து அன்ரன்தான்: "பரவாயில்லை அக்கா, செபமெண்டாலும் கிடைச்சுதே." சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. கத்தினார். றீற்றா என்னை இடித்துக்கொண்டு ஓடினாள்.