லைலுக்காகக் குறைத்த பிரஷர்

பிப்ரவரி 3

என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். வண்டி ஓட்டும்போது எனக்குத் தலை சுற்றுகிறது என்று, என்னைப் போலவே பஸ் ஓட்டும் லைல் ஆபீசில் போய்ச் சொல்லியிருக்கிறான். சுற்றியதே இல்லை. ஆனால் சோதித்தபோது பிரஷர் 178. குறையும்வரை டிப்போவில், பயணிகள் தொலைத்த குடைகளையும் கையுறைகளையும் காத்துக்கொண்டு உட்கார வேண்டும். என் ஏரிக்கரை ரூட் யாருக்கு? லைலுக்கு. சாப்பாட்டு அறையில் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னான்: "க்வெனுக்கு இனிமே ஸ்டியரிங் எதுக்கு? சக்கர நாற்காலி போதும்." சிரித்தார்கள்.

இருடா.

பிப்ரவரி 11

டாக்டர் பெட்ராகிஸ் மாத்திரை எழுதினார். உப்பைக் குறை, நட என்றார். இன்சூரன்ஸ்காரர்கள் வீட்டில் அளக்கக் கருவி அனுப்பினார்கள். வாராவாரம் இமெல்டா என்ற நர்ஸ் போனில் விசாரிப்பாள். இன்றும் ஏறித்தான் இருந்தது.

"அளக்கும்போது யாரை நெனச்சீங்க?" என்றாள்.

எப்படித் தெரிந்தது இவளுக்கு? சொன்னேன்.

"அந்த ஆளை அஞ்சு நிமிஷம் மனசுக்கு வெளியே நிக்க வைங்க. அப்புறம் அளங்க."

வைத்தேன். பனியில், கோட்டு இல்லாமல். குறைந்தது.

மார்ச் 2

உப்பில்லாத சூப். வாயில் வைக்க முடியவில்லை. லைலை நினைத்துக்கொண்டு முழுக் கிண்ணமும் குடித்தேன்.

மார்ச் 19

மாத்திரையால் கால் வீங்கியது. டாக்டர் வேறு மாற்றிக் கொடுத்தார். நான் பாதியில் விட்டுவிடுவேன் என்று லைல் பந்தயம் கட்டியிருக்கிறானாம். விடுவேனா?

ஏப்ரல் 16

126! வண்டி ஏறலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் ஏரிக்கரை ரூட் லைலிடமேதான் இருக்குமாம்.

மதியம் அவனே என் மேசைக்கு வந்தான். முகமெல்லாம் சிவப்பு. தலை வெடிக்கிறது என்று, என் பையிலிருந்த பிரஷர் கருவியைக் கேட்டான். நானே கையில் கட்டிவிட்டேன். 214.

"யார்கிட்டயும் சொல்லாத, க்வென். ரிட்டயர் ஆக ஒரு வருஷந்தான் இருக்கு."

நேராக ஆபீசுக்கு ஓடினேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். பயணிகளுக்காகவா? இல்லை. அன்றைக்குச் சிரித்தார்களே, அதற்காக. அவனை ஆம்புலன்சில் ஏற்றியபோது ஜன்னலில் நின்று பார்த்தேன். இனித்தது — ஆமாம், இனித்தது.

மே 7

ஏரிக்கரை ரூட் கைக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் லைலின் மனைவி நோரீன் ஏறினாள். திட்டப்போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா மூளையில நரம்பு வெடிச்சிருக்கும்னாங்க. இப்ப ஒழுங்கா மாத்திரை போடுறார்." என் தோளைத் தொட்டாள். கண் கலங்கியிருந்தது. "அவர் நல்லதுக்குத்தானே போய்ச் சொன்னே, க்வென்?"

நான் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் எந்த வண்டியும் இல்லை.

"உக்காருங்க, நோரீன். வண்டியை எடுக்கணும்."