உச்சிக்குக் கீழே என்னை உட்காரவைத்துவிட்டுப் போனவளுக்கு

நேற்று மாலை கேஸ் தீர்ந்ததும் பக்கத்து டீக்கடையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியது. மலையில் கூடாரத்துக்குள் நீயும் நானும் பனிக்கட்டியை உருக்கிக் குடித்த நாட்களின் வாடை அது. என் டெலிபோன் பூத்தின் கதவைச் சாத்திக்கொண்டு உன்னைத் திட்டினேன். செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். எனக்கு அந்த உரிமை உண்டு.

பாறசாலை சந்திப்பில் உன் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். இந்தப் பகுதியிலிருந்து இமயமலை ஏறிய முதல் பெண் என்று துணியில் எழுதிக் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர்களில் பாதிப் பேர், அன்று நாம் முதுகுப் பையோடு வெள்ளறடையில் பஸ்ஸுக்கு நின்றபோது நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். "பெண்ணுகளுக்கு மலையில என்ன சோலி? மாப்பிள தேடியா போறிய?" என்று ஒருவன் கேட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ திரும்பி நின்று, "ஆமாண்ணே, இஞ்ச ஒருத்தனும் தேறல்ல ஆக்கும்" என்றாய்.

அந்தத் துணிச்சலுக்காகத்தான் உன் பின்னால் வந்தேன். நெய்யாற்றின்கரையில் கல்லூரி முடிந்ததும் மற்ற பெண்கள் வீட்டுக்குப் போவார்கள். நீ என்னை ரப்பர் தோட்டத்துக்கு மேலே இருக்கும் பாறைக்கு இழுத்துப் போவாய். நான் பாதியிலேயே நின்றுவிடுவேன். மேலே நின்றுகொண்டு, "பயப்படாத மக்கா, கயிறு எனக்க கையில உண்டு" என்பாய். அதை நம்பித்தான் வடக்கே மலையேற்றப் பயிற்சிக்கு வந்தேன். அதை நம்பித்தான் இமயமலை ஏறப் போன பெண்கள் குழுவில் உன்னோடு ஒரே கயிற்றில் என்னைக் கட்டிக்கொண்டேன்.

உச்சிக்குப் புறப்பட்ட அன்று நம்மோடு வந்த வழிகாட்டி, இன்னொரு பெண்ணுக்கு மூச்சுத் திணறியதால் அவளைக் கீழே கூட்டிப்போகப் புறப்பட்டார். நம்மையும் திரும்பச் சொன்னார். நீ கேட்கவில்லை. உச்சிக்குக் கீழே கடைசி முகட்டை எட்டியபோது என் இடது காலில் உணர்ச்சியே இல்லை. "எனக்கு முடியல்ல, கீழ போவாம்" என்றேன். நீ என் காலைப் பார்க்கவே இல்லை. மேலே பார்த்தாய்.

"இங்க இரி. இப்ப வாறேன்."

"என்ன விட்டுட்டுப் போவாத."

"எத்தன வருசமா நான் இதுக்குக் காத்திருக்கேன், தெரியுமா ஒனக்கு?"

கயிற்றை அவிழ்த்தாய். போனாய். காற்றுக்கு முதுகைக் காட்டி, கோடரியைப் பனியில் குத்திப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். முதலில் உன்னைக் கூப்பிட்டேன். பிறகு என் அம்மையைக் கூப்பிட்டேன். அப்புறம் யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை, தூக்கம்தான் வந்தது. நீ திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்து எழுப்பியபோது உன் முகம் அப்படி ஒளிர்ந்தது. அந்த முகத்தை நான் இன்றுவரை வெறுக்கிறேன்.

அந்தக் காலின் விரல்களை டாக்டர்கள் வெட்டி எடுத்தார்கள். அதையும் பொறுத்திருப்பேன். ஊரில் உனக்குப் பாராட்டுக் கூட்டம் போட்டபோது, நொண்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி யாரோ கேட்டார்கள். "அவ சொகமில்லாம கேம்பில இருந்துட்டா" என்று மைக்கில் சொன்னாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். மறுநாளிலிருந்து எல்லோரும் என்னிடம், "பாதியில பயந்துட்டியாமே?" என்று கேட்டார்கள். பேசி வைத்திருந்த கல்யாணமும் நின்றது. நடக்க வேண்டாத வேலையாகப் பார்த்து இந்தப் பூத்தை எடுத்தேன்.

அதற்குப் பிறகும் நீ என்னை விடவில்லை. உன் வீட்டில் போன் இல்லாததால், மலைக்குப் போகுமுன் என் பூத்துக்குத்தான் பேசுவாய். நான் எடுப்பேன். "அம்மைய விளி" என்று கூப்பிடச் சொல்வாய். வேறொரு சொல் கிடையாது. கடைசி முறை பேசியபோது மட்டும் அதை உடனே சொல்லவில்லை. நீ மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "அம்மைய விளி" என்றாய்.

நீ இறந்த செய்தியும் அதே போனில்தான் வந்தது. உன் வீட்டுக்கு நடந்துபோய் அதை உன் அம்மையிடம் சொல்லும் வேலையையும் எனக்கே வைத்துவிட்டுப் போனாய். உடலைக் கொண்டுவர முடியாது என்பதையும் நான்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்க கூட்டுக்காரியாக்குமே மக்கா" என்று அழுதார்.

போன வாரம் குளத்தூரிலிருந்து ஷீபா வந்தாள். இந்த முறை நீ தலைமை தாங்கிய குழுவில் இருந்த பெண். ஊன்றுகோலோடு ஆட்டோவிலிருந்து இறங்கி, என் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். இறங்கும் வழியில் விழுந்து அவளுக்குக் கால் ஒடிந்ததாம். பனிப்புயல் வரும்போல் இருந்ததால், மற்றவர்களை உதவிக்கு அனுப்பிவிட்டு நீ அவளோடு இருந்துவிட்டாயாம்.

"நான் போகச் சொன்னேன் அக்கா. கேக்கல்ல. அவிய போட்டிருந்த கோட்டையும் எனக்கு மேல போட்டாவ. நான் ஒறங்காம இருக்க ஒங்கள பத்தியே பேசினாவ, பாறை ஏறின கதையெல்லாம்."

"என்ன சொன்னா?"

ஷீபா தரையைப் பார்த்தாள். "'அவள நான் பனியில இருத்திட்டுப் போனேன். ஒன்ன விட்டுட்டுப் போவ மாட்டேன்'ணு சொன்னாவ."

ஆட்கள் வந்து சேர்ந்தபோது ஷீபாவுக்கு உயிர் இருந்தது. உனக்கு இல்லை.

சொன்னதும் ஷீபா என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுகிறேன் என்று நினைத்து என்னைத் தட்டிக்கொடுக்கவும் செய்தாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது. என் பூத் நம்பர் உனக்கு மனப்பாடம். எடுப்பது நான்தான் என்றும் தெரியும். என்னிடம் சொல்ல வேண்டியதை, என்னை அறியாத ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டுச் செத்துப்போயிருக்கிறாய்.

ஊரார் உன் நினைவுக் கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்றேன். இன்னொருத்தியோடு இருந்து உயிரைக் கொடுத்தாயே, அதைக் கேட்டால் உன்னை மன்னிக்கத் தோன்றும் என்று ஷீபா நினைத்திருப்பாள். நேர்மாறாக ஆகிவிட்டது. இத்தனை காலமும், உன் குணம் அது, யாருக்காகவும் உன்னால் நிற்க முடியாது என்று சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். உன்னால் முடியும் என்று இப்போது தெரிந்துவிட்டது. இனி அதை வைத்துக்கொண்டு வாழ வேண்டும்.