சம்பந்தி வீட்டுத் தோட்டம், ஒன்பது கட்டம்

பிப். 3, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணி வரை பெரம்பலூரே ஆவி பிடித்த மாதிரி. எனக்குத் தும்மல் பதினான்கு. எண்ணியது இவர். ரிடையர் ஆன கணவருக்கு வேறு என்ன வேலை.

ஒட்டுத்துணிப் போர்வை முடிந்தது. இரண்டடிக்கு இரண்டடி. பார்த்தவர்கள் சொன்னது:

எதிர்வீட்டு சரோஜா: "கால்மிதி சூப்பரா இருக்குக்கா."
பால்காரர்: "மிக்ஸிக்கு மேல போடுறதுங்களா?"
இவர்: "இது என் பேண்டு."

பேண்டுதான். ஆபீஸ் போன காலத்துச் சாம்பல் நிறப் பேண்டு, இப்போது செம்பருத்தி இலை. சுவரில் மாட்டும் போர்வை என்று விளக்கி விளக்கி வாய் வலி. முப்பது வருடம் பிளவுஸ் தைத்தவள் ஐம்பத்திரண்டு வயதில் கலைஞி ஆக ஆசைப்பட்டால் இதுதான் கதி.

இது சம்பந்தி வசந்தாவுக்கு. என் மகள் கவிதாவின் மாமியார். அரியலூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ரோட்டோரம் வீடு. ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். வீட்டு முன்தோட்டம் மொத்தமும் போகிறது. மதிலில் சிவப்புக் கோடு போட்டாயிற்று. கவிதாதான் கேட்டாள்: "அத்தை வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்கம்மா. அந்தத் தோட்டத்த அப்படியே தச்சுக் குடேன்."

ஒன்பது செடி, ஒன்பது கட்டம். வடிவமெல்லாம் என் கோல நோட்டிலிருந்து. எட்டிதழ் நட்சத்திரக் கோலம் செம்பருத்தி ஆயிற்று. நான்கு முக்கோணம் சேர்ந்து நந்தியாவட்டை. நிறம் மட்டும் கண்ணால் கண்டபடி. நான்கு வருடமாகப் பார்க்கிற தோட்டம்தானே: சாம்பல் இலை, சாம்பல் பூசிய சிவப்பு, சாம்பல் பூசிய மஞ்சள். அவ்வளவு நிஜம். என்னை நானே மெச்சி, கூடுதலாக ஒரு காபி.

பிப். 5, வியாழன்

வெயில். கொண்டு போய்க் கொடுத்தாயிற்று.

சம்பந்தி விரித்துப் பார்த்தார். ரொம்ப நேரம். "தையல் நல்லாருக்குங்க." மடித்து வைத்தார். காபி வந்தது. அதில் சர்க்கரை இல்லை. எப்போதும் பஸ் வரும்வரை ரோட்டில் கூடவே நிற்பவர், இன்று நிலைப்படியோடு சரி.

ஏதோ தப்பு. தலைவலியாக இருக்கும். (அவருக்கு.)

பிப். 6, வெள்ளி

கவிதா போன். ஹலோகூட இல்லை.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? 'ஒங்கம்மா என் தோட்டத்த செத்த தோட்டமா தச்சிருக்காங்க'ன்னு சொல்லிட்டு அத்தை நேத்து சாப்பிடவே இல்ல."

"அப்படித்தானடி இருக்கு? பொய்யா தைக்கச் சொல்றியா?"

"நீ எத்தன மணிக்கு இங்க வருவ?"

"பன்னெண்டு."

"போறது?"

"நாலு மணி பஸ்."

"அத்தை தெனம் விடியக்காலம் எந்திரிச்சு ஒவ்வொரு எலையா கழுவுறாங்கம்மா. லாரி ஓட ஆரம்பிச்சா ஒம்போது மணிக்கெல்லாம் தூசி திரும்ப அப்பிக்கும். மறுநாள் திரும்பக் கழுவுவாங்க. நீ ஒருநாளாச்சும் காலையில பாத்திருக்கியா?"

இல்லை. பெண் கொடுத்த வீட்டில் ராத்தங்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பகலில் போய், பகலிலேயே திரும்பி, நான்கு வருடம் கௌரவத்தைக் காப்பாற்றினேன். தோட்டத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை தோட்டத்தை எடுக்க மிஷின் வருகிறதாம். நடுவில் இரண்டே நாள்.

செய்ய வேண்டியவை:
1. மன்னிப்பு.
2. எப்படி என்று யோசிக்க.
3. மைசூர்பாகு. கடையில் வாங்கியது. நான் கிண்டினால் இன்னொரு சண்டை வரும்.

பிப். 7, சனி

மாற்றுப் புடவை, பல் பிரஷ் எடுத்துப் பையில் வைக்கும்போதே இவர் குரல்.

"அங்க ராத்தங்குறதா? ஊர் என்ன சொல்லும்?"

"கேட்டு வைங்க. வந்து தெரிஞ்சுக்கறேன்."

சம்பந்தி என்னைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார்.

"பை பெருசா இருக்கு?"

"ராத்தங்கலாம்னு வந்தேங்க."

"இங்க கொசு ஜாஸ்திங்க."

"பெரம்பலூர் கொசுவும் ஒண்ணும் சாது இல்லீங்க."

சிரிக்கவில்லை. ஆனால் எனக்கும் சேர்த்து அரிசி களைந்தார். சமையலறையில் என் போர்வையைக் கண்டுபிடித்தேன். மிக்ஸிக்கு மேல். பால்காரருக்கு நாக்கில் மச்சம்.

பிப். 8, ஞாயிறு

மறப்பதற்குள் எழுத வேண்டும். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விழித்தபோது சம்பந்தி ஏற்கனவே தோட்டத்தில். வாளி, சொம்பு, கிழிந்த வேட்டித் துண்டு. இலையின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, மேலே ஒரு துடை. குழந்தைக்கு முகம் துடைப்பது போல.

நான் சொம்பை எடுத்து வீசி ஊற்றினேன்.

"அப்படி ஊத்துனா போவாதுங்க. சுண்ணாம்பு. தொடைக்கணும்." துணியில் பாதியைக் கிழித்து என்னிடம் கொடுத்தார்.

குரோட்டன்ஸ் என் பங்கு. துடைக்கத் துடைக்க இலையில் மஞ்சள் புள்ளி. நான்கு வருடமாக அந்தச் செடியின் பக்கத்தில் நின்று பஸ் வருகிறதா என்று பார்த்திருக்கிறேன். புள்ளி இருப்பதே தெரியாது. வெளிச்சம் ஏற ஏற ஒவ்வொன்றும் ஒரு பச்சை. செம்பருத்தி கரும்பச்சை. கனகாம்பரம் எலுமிச்சைப் பச்சை. நந்தியாவட்டை இலை, எண்ணெய் தேய்த்த மாதிரி.

சம்பந்தி என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ரோட்டுல போறவங்கல்லாம் 'காஞ்ச செடிக்கு எதுக்குத் தண்ணி ஊத்துற'ம்பாங்க. அவங்க மத்தியானத்துல பாக்குறவங்க. நீங்க நம்ம வூட்டு ஆளுன்னு நெனச்சேன்."

"நான் ஒரு முட்டாளுங்க, சம்பந்தி."

"அது கல்யாணத்தப்பவே தெரியும்." இப்போதுதான் சிரிப்பு.

வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் வைத்தால் என்ன என்று கேட்டேன். "இருவது வருசத்துச் செடிங்க. வராது. நாலு போத்து வெட்டி கொல்லையில நட்டிருக்கேன். பொழைச்சா பொழைக்கட்டும்."

ஞாயிறானாலும் லாரிக்கு லீவில்லை. ஏழு மணிக்கு முதல் லாரி. இருவரும் கையில் ஈரத் துணியோடு நின்று, தூசி வந்து இறங்குவதைப் பார்த்தோம்.

"நாளைக்கு எங்க வூட்டுக்கு வந்துடுங்க" என்றேன். துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

மாலை: வீடு. எனக்கு முன்னாலேயே செய்தி வந்து சேர்ந்திருக்கிறது. சரோஜா: "சம்பந்தி வூட்ல ராத்தங்குனீங்களாமேக்கா!" ஆமாம், அங்கே கொசுகூட மரியாதையாகத்தான் கடித்தது என்றேன். அவளிடமிருந்தே இரண்டு பச்சை பிளவுஸ் பிட் கறந்தாயிற்று. மறுபடி தைக்க மொத்தம் ஆறு பச்சை. இன்னும் மூன்று வேண்டும்.

பிப். 9, திங்கள்

பனி இல்லை. ஒன்பது மணிக்கு வாசலில் சம்பந்தி. கையில் சின்னப் பை. அதில் மாற்றுப் புடவை. வாங்கி உள்ளே வைத்தேன். இவர் எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்து, மறுபடி துடைத்து, காய்கறி வாங்கப் போய்விட்டார்.

சம்பந்தியின் விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது.

"இன்னைக்குமா கழுவுனீங்க?"

"பின்ன, அழுக்கோடவா அனுப்புறது?"

துணிகளைக் கடைபரப்பினேன்.

அப்புறம் அதிகாரம். "மருதாணி மூலையிலதான். நடுவுல வைக்காதீங்க, வேலியாட்டம் நிக்கும்." "இது பச்சையா? இது பாசி." கனகாம்பரத்தை மூன்று தடவை பிரிக்க வைத்தார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு கஸ்டமரிடம் நான் மாட்டியதில்லை. எட்டுக் கட்டம் குண்டூசி குத்தியாயிற்று. பாக்கி நந்தியாவட்டை.

பதினொன்றரைக்கு கவிதா போன். "வந்துட்டாங்கம்மா. மொதல்ல மதில எடுக்குறாங்க." போனுக்குள் மிஷின் சத்தம். நான் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சம்பந்தி காதிலும் அது விழுந்தது; பாக்கிக் கட்டத்தை முன்னால் இழுத்துக்கொண்டார். நான் வெட்டி வைத்திருந்த வெள்ளை முக்கோணத்தை விரலால் நகர்த்திப் பார்த்தார்.

"பூ இன்னுங் கொஞ்சம் பெருசுங்க."

கத்தரியை நீட்டினேன். வாங்கி அவரே வெட்டினார்.