அனமின் காலை இன்று நீங்கள் நீவுங்கள்

என்னங்க,

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் பாலக்கோடு போகிறேன். பிள்ளை அனமை இன்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அன்று உங்கள் அக்கா முன்னால், "புள்ளைய வதைக்கிறா, இவல்லாம் ஒரு தாயா?" என்று சொல்லி, பாதம் நேராவதற்காக நான் போட்டுவிட்டிருந்த ஷூவைக் கழற்றி வீசினீர்களே, அதனால் பிறவியிலேயே வளைந்த பாதம் மறுபடி இறுகிவிட்டது.

வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, கெண்டைச்சதையை நீவி, இளகிய பிறகே ஷூ மாட்டுங்கள். அலறுவாள். உங்கள் அக்காவையும் வரச்சொல்லியிருக்கிறேன். உங்களை என்ன சொல்கிறார் என்று காது குளிரக் கேளுங்கள்.

குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. போன் பண்ணாதீர்கள், எடுக்கமாட்டேன்.

ஷாஹினா

வயிற்றில் வாய் வைத்து ஊதினால் சிரிப்பாள், கால் தானாகத் தளரும். இதை உங்களுக்காக எழுதவில்லை, அவளுக்காக எழுதுகிறேன்.