கோட்டைக்காரன் அளந்துபோன படகு

இன்று காலை கோட்டையின் ஒல்லாந்துத் தச்சன் ஒருவன் கயிறும் கையுமாக வந்து நம் படகை அளந்துகொண்டு போனான். நடுப்பலகையைத் தூக்கிப் பார்த்தான், இறக்கிப் பார்த்தான், மறுபடியும் தூக்கினான். நீ இருந்திருந்தால் கரையே அதிரச் சிரித்திருப்பாய், நண்பா. போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னை விட்டுவைத்திருக்கலாம்.

ஒரு காலத்தில் நாம் கோட்டைக்காரர்களுடைய படகுகளுக்குக் கீல் பூசிப் பிழைத்தவர்கள். நான் தச்சன், நீ வலைக்காரன். "நம்பளும் ஒண்ணு செஞ்சா இன்னா?" என்று கேட்டவன் நீதான். அவர்கள் படகைப் பார்த்து வளைவுக்கு வளைவு, ஆணிக்கு ஆணி அப்படியே செய்தோம். ஏரியில் இறக்கிய அன்றே அதன் அடிக்கட்டை சேற்றில் குத்தி நின்றுவிட்டது. இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து சிரித்தார்கள். கோட்டை மேற்பார்வையாளன் தன் பேச்சைத் தமிழாக்கும் துபாசியை விட்டுச் சொல்லவைத்தான்: "உங்களுக்குப் பார்த்துச் செய்யக்கூடத் தெரியவில்லையாம்."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. நீயோ சேற்றில் நின்றபடியே, "அவன் கடலுக்குச் செஞ்சான்டா. நம்ப ஏரிக்கு நம்பதான் செய்யணும்" என்றாய்.

அடிக்கட்டையை அறுத்தோம். படகு மிதந்தது, ஆனால் காற்றடித்தால் நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடியது. கட்டுமரத்தில் செருகும் பலகையைத் தூக்கி வந்து, படகின் நடுவில் துளை போடச் சொன்னாய். "படகுக்கு நானே ஓட்டை போடணுமா?" என்று கத்தினேன். போட்டேன். தண்ணீர் பொங்கி ஏறியது. துளையைச் சுற்றிப் பெட்டிபோல் அடைத்த பிறகுதான் அடங்கியது. ஆழத்தில் பலகையை இறக்கினால் படகு நேரே ஓடும், மணல் திட்டு வந்தால் தூக்கிக்கொள்ளலாம். அப்படியொரு படகு அவர்களிடமும் இல்லை, நம்மிடமும் இருந்ததில்லை.

இனி அதைக் கோட்டைக்கு மட்டும்தான் கட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. துபாசியிடம் நீ சொன்னதைக் குப்பத்தில் இன்றும் சொல்கிறார்கள்: "அவங்களதப் பாத்துதான் செஞ்சோம், ஒளிக்கல. எங்களதப் பாத்து அவங்களும் செஞ்சுக்கட்டும், தடுக்கல. ஆனா எங்க ஏரில எவன் ஓட்டணும்னு அவங்க சொல்லக்கூடாது." அதோடு கோட்டை வேலை போயிற்று. அடுப்பு எரியாத நாட்களும் வந்தன. ஆனாலும் கேட்ட மீனவருக்கெல்லாம் கட்டிக்கொடுத்தோம்.

இப்போது ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்து அலையைத் தாண்ட ஒரு படகு கட்டியிருக்கிறேன். முகப்பை உயர்த்தி, நடுப்பலகையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். உன் மனைவி வந்து பார்த்துவிட்டு, "அவரு செஞ்சத மாத்துவீங்களாண்ணே?" என்று கோபித்துக்கொண்டாள்.

"மாத்துவேம்மா. அவன் இருந்தா எனக்கு முன்னாடி அவனே மாத்தியிருப்பான்" என்றேன்.

அந்தத் துணிச்சல்தான் நீ எனக்கு விட்டுப்போனது. அதனால், உன்னைப் பார்த்தும் அப்படியே செய்யமாட்டேன். சேற்றில் குத்தினால் குத்தட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நாளைக்கு இறக்குகிறேன்.