மணி வயருக்குத் தனிப் பைப்பு

அண்ணே,

இன்று காலை நம் தேயிலை ஸ்டோரில் புது வயர்மேன் கத்தியால் மோட்டார் வயரின் ரப்பர் உறையைச் சீவினார். அந்த வாடை மாடிப்படி ஏறி வந்தது. கொழுந்து பரப்பிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. நீங்கள் இங்கே வயர்மேனாக இருந்தபோது போட்ட காக்கிச் சட்டையின் வாடை அது. காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு அந்தச் சட்டையைத் துவைக்காமல்தான் வைத்திருந்தேன். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் துவைத்தேன். அன்றோடு போன வாடை இன்றுதான் திரும்ப வந்தது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்று வேலைக்கு வந்தவள். மாடியில் பரப்பிய கொழுந்து வாடியதும் கீழே அதை அரைக்கும் ரோலர்காரர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். மெஷின் சத்தத்தில் என் குரல் யாருக்கும் கேட்டதில்லை. ரோலர் ஓட்டும் பெருமாள் அண்ணன் உங்களிடம் கேலியாகக் கேட்பார்: “தம்பி, ஒன் தங்கச்சி கூப்புடுதா, கொசு கத்துதான்னே தெரியலியேப்பா!” எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் சிரித்ததில்லை. சில நாளிலேயே மாடியில் ஒரு பித்தளைப் பொத்தானும் கீழே ஒரு மணியும் வைத்தீர்கள். ஒரு தரம் அடித்தால் கொழுந்து தயார். இரண்டு தரம் அடித்தால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். நான் வாய் திறக்காமலே ஸ்டோர் முழுக்க என் பேச்சைக் கேட்டது.

அந்த மணி வயருக்குத் தனிப் பைப்பு போட நீங்கள் இரண்டு நாள் கேட்டீர்கள். கொழுந்து மலையாய்க் குவிந்த மாதம். டீமேக்கர் ஐயா விடவில்லை. “மோட்டார் வயர் போற பைப்புல இடம் இருக்குல்ல? அதுலயே இழுப்பா.” நீங்கள் கொஞ்ச நேரம் பைப்பையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு மணி வயரை அதற்குள்ளேயே இழுத்துவிட்டீர்கள்.

மழை தொடங்கியதும் பொத்தான் என் விரலைக் கடித்தது. மறு கை இரும்புத் தூணில் பட்டிருந்தால் முழங்கை வரை கரண்டு சுள்ளென்று ஏறும். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மணியைக் கழற்றிவிடுவார்கள், மறுபடி கத்த வேண்டும் என்று பயம். காய்ந்த குச்சி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அதனால் அழுத்தினேன்.

நீங்கள் மாடிக்கு வந்த அன்று அதைப் பார்த்துவிட்டீர்கள்.

“என்னா புள்ள, குச்சியால அமுத்துற?”

“சும்மாண்ணே.”

“கடிக்குதா?”

நான் தலையைக் குனிந்தேன். நீங்கள் படியில் இறங்கவில்லை, குதித்தீர்கள். அடுத்த நிமிடம் பெரிய சுவிட்சை இழுத்துவிட்டீர்கள். எல்லா ரோலரும் நின்றன. அந்த அமைதியில் தகரக் கூரையில் பெய்த மழை அத்தனை சத்தமாய்க் கேட்டது.

டீமேக்கர் ஐயா ஓடி வந்தார். “யாரைக் கேட்டு நிப்பாட்டுன? பாதி அரைச்ச கொழுந்துப்பா! புளிச்சுப்போகும். தொரைக்கு நான் என்னா பதில் சொல்றது?”

“கொழுந்து கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்கய்யா. புள்ள போயிருச்சுன்னு சொல்றதுக்கு அது தேவலைங்க.”

பைப்பிலிருந்து வயர்களை உருவிக் காட்டினீர்கள். மோட்டார் வயரின் உறை ஓரிடத்தில் வெடித்திருந்தது. அதை ஒட்டிக் கிடந்த மணி வயரின் நூல் உறை ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்தது. “மோட்டாருக்குப் போறது ஆளைக் கொல்ற கரண்டுங்க. மணிக்கு ரெண்டு பேட்டரிதான், அதுக்கு இந்த நூலு போதும். ஆனா ரெண்டும் ஒரே பைப்புல போகணும்னா, மணி வயரும் மோட்டார் வயர் மாதிரியே கெட்டியான ஒறை போட்டிருக்கணும். இல்லேன்னா தனிப் பைப்பு. அதான் சட்டம்.”

“ரோலரை நிப்பாட்டுற பொத்தான் வயரும் அதே பைப்புலதான போகுது?” என்றார் பெருமாள் அண்ணன்.

“அது அந்த மெஷினுக்கே வேலை செய்றதுண்ணே. ஒறையும் அதே கெட்டி. அது போகலாம். இது போகக்கூடாது.”

“அப்போ இதைப் போட்டது எவன்?” என்று ஐயா கத்தினார்.

அவர்தான் இழுக்கச் சொன்னார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நீங்கள் அவரைக் கை காட்டவில்லை. “நாந்தாங்க போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்” என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து மணிக்குப் புதுப் பைப்பு போட்டீர்கள். திங்கள் முதல் ஒரு மாதம் தண்டனையாக உங்களை மலையில் மழைநீர் ஓடும் கான் வெட்ட அனுப்பினார்கள். மண்வெட்டியோடு மலையேறும்போதும் உங்கள் முகத்தில் கோபம் இல்லை. என்னையும் திட்டவில்லை. லயத்து வீட்டுக்கு நடக்கையில் ஒன்று மட்டும் சொன்னீர்கள்: “கடிச்சா சொல்லணும் புள்ள. நீ சொல்லாம இருந்தா, நான் போட்டது சரின்னு நானும் நெனச்சுக்கிட்டே இருப்பேன்.”

இன்று அந்த மணிப் பைப்பு துருப்பிடித்து உடைந்துவிட்டது. புது வயர்மேன் மணி வயரை மோட்டார் பைப்புக்குள் நுழைக்கப் போனார். “இதுலயே இடம் இருக்குல்ல” என்றார். அதே வார்த்தை, அண்ணே. இப்போது மாடியில் மணி அடிப்பது பேச்சியம்மா அக்கா. அவள் கை எப்போதும் ஈரம்தான்.

நான் படியிறங்கிப் போனேன்.

“அதுல போடாதீங்கண்ணே.”

மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கத்தினேன். “அதுல போடாதீங்க! நூல் வயரு அது. தனிப் பைப்புலதான் போடணும்!”

ரோலர் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். “ஒனக்கு யாரு சொன்னா?” என்றார் அவர்.

“எங்கண்ணன் ஒருக்காப் போட்டுட்டுக் கழட்டுனாரு.”

வயர்மேன் சிரிக்கப் போனார். பெருமாள் அண்ணன் ரோலரை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். “புள்ள சொல்றதைக் கேளுப்பா. கழட்டுன அன்னைக்கு நானும் இருந்தேன்” என்றார். வயர்மேன் கையிலிருந்த வயரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து வேறு பைப்பு எடுக்கப் போனார்.

மாலையில் பேச்சியம்மா அக்கா ஈரக் கையோடு பொத்தானை அழுத்தினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்னாடி அப்புடிப் பாக்குற?”

“கடிச்சுச்சாக்கா?”

“மணியடிச்சா என்னாத்தடி கடிக்கும்?” என்று சொல்லிவிட்டுக் கொழுந்து அள்ளப் போய்விட்டாள்.